பேர் சொல்லும் பூ

"பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லையே"ன்னு நம்ம ஊர்ல பெரியவங்க அங்கலாய்ப்பாங்க. ஒரு மனுஷனுக்குப் பிள்ளைகளும் இருந்தாங்க, அது போதாதுன்னு பேர் சொல்ல ஒரு பூவும் இருக்கு. ஊர் உலகத்துச் செடிகொடிக்கெல்லாம் பேர் வெச்ச ஆளு அவர். தனக்குன்னு ஒண்ணை எடுத்துக்கும்போது ரோஜா, தாமரை ரேஞ்சுக்கு எடுத்திருப்பார்னு நினைப்பீங்க. அதான் இல்லை. வடக்கே குளிர்க்காட்டுல, பாசிக்கு நடுவுல, குனிஞ்சு உத்துப் பார்த்தாத்தான் கண்ணுல படற ஒரு குட்டிப் பூவை எடுத்துக்கிட்டார்.

பூவோட பேர் லின்னேயா போரியாலிஸ். மனுஷன் பேர் கார்ல் லின்னேயஸ். (லினக்ஸுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, பின்னூட்டத்துல யாரும் ஆரம்பிக்காதீங்க :-))

பூவைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். தரையோட தரையாப் படர்ற செடி. வருஷம் பூரா இலை பச்சையாவே இருக்கும், பனிக்கு அடியில கூட. ஜூன், ஜூலை வாக்கில படர்ந்த தண்டுல இருந்து நூல் மாதிரி ஒரு காம்பு எழும்பும். உயரம் ஒரு விரல் அளவுதான். உச்சியில அது கவட்டை மாதிரி ரெண்டாப் பிரிஞ்சு, கிளைக்கு ஒண்ணா ரெண்டு பூ தலைகீழாத் தொங்கும். வெளிர் ரோஸ் நிறத்துல ரெண்டு குட்டி மணி. இங்கிலீஷ்காரங்க இதை 'இரட்டைப் பூ'ங்கற அர்த்தத்துல ட்வின்ஃப்ளவர்னு கூப்பிடறாங்க. நல்ல வாசனை உண்டு. ஸ்வீடன், நார்வே, ரஷ்யா, சைபீரியா, அலாஸ்கா, கனடான்னு வடதுருவத்தைச் சுத்தி ஒரு வளையம் மாதிரி இருக்கற ஊசியிலைக் காடுகள்ல வளருது. போரியாலிஸ்னா லத்தீன்ல 'வடக்கத்தி'ன்னு அர்த்தம்.

சரி, பேர் மேட்டருக்கு வருவோம். இதுல ஒரு சுவாரசியமான சங்கிலி இருக்கு.

அந்தக் காலத்து ஸ்வீடன்ல சாதாரண ஜனங்களுக்குக் குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது. அப்பா பேர்தான். கார்லோட அப்பா பேர் நில்ஸ் இங்கேமார்சன், அதாவது இங்கேமாரோட மகன் நில்ஸ். நம்ம இனிஷியல் மாதிரியேதான். இந்த இடத்துல எனக்கு நில்ஸ் மேல ஒரு தனிப்பாசம். பாஸ்போர்ட்ல 'குடும்பப் பெயர்' கட்டத்துல என்ன எழுதறதுன்னு முழிச்சு, அப்பா பேரை எழுதி, அப்புறம் வெளிநாட்டு கிளையண்ட் எல்லாம் மீட்டிங்ல அப்பா பேரைச் சொல்லியே கூப்பிடறது நம்மள்ல எத்தனை பேருக்கு நடந்திருக்கு! நில்ஸுக்கும் அதே பிரச்சினை. யுனிவர்சிட்டியில சேர ஒரு குடும்பப் பேர் வேணும். அவங்க குடும்ப நிலத்துல ஒரு பெரிய லிண்டன் மரம் இருந்தது. ஸ்வீடிஷ்ல 'லிண்ட்'. அதை லத்தீன் ஆக்கி லின்னேயஸ்னு வெச்சுக்கிட்டார். அவருக்கு 1707இல் பிறந்த மூத்த மகன்தான் நம்ம கார்ல்.

ஆக, மரத்தோட பேர் மனுஷனுக்குப் போச்சு. அந்த மனுஷனோட பேர் பூவுக்குப் போச்சு. ஒரு சுத்து சுத்தி மறுபடி காட்டுக்கே வந்துடுச்சு. இது வரைக்கும் கேட்க நல்லாத்தான் இருக்கு. கதையோட மீதிதான் கொஞ்சம் நெருடுது.

*

1732ஆம் வருஷம் மே 12, அப்போதைய ஸ்வீடிஷ் காலண்டர்படி. லின்னேயஸுக்கு 25 வயசு முடிய ஒரு நாள் பாக்கி. உப்சாலாவுல இருந்து குதிரையில தனியாக் கிளம்பறார். உப்சாலா ராயல் அறிவியல் கழகம் செலவுக்குக் காசு கொடுத்திருக்கு. வேலை என்னன்னா வடக்கே லாப்லாந்து முழுக்கச் சுத்தி அங்க என்ன செடி, என்ன மிருகம், என்ன கனிமம், ஜனங்க எப்படி வாழறாங்கன்னு எழுதிட்டு வரணும்.

பையில என்ன எடுத்துட்டுப் போனார்ங்கறதை டைரியிலயே பட்டியல் போட்டிருக்கார். தோல் கால்சட்டை, தலைக்கு விக், ஒரு சட்டை, மைக்கூடு, மைக்ராஸ்கோப், கொசு கடிக்காம இருக்க முகத்துக்கு ஒரு வலை, சீப்பு, செடியைக் காயவைக்கத் தாள்கட்டு. இடுப்புல ஒரு குறுவாள். ஆன்சைட் போறப்ப நாம கொண்டு போற 23 கிலோ பெட்டியை நினைச்சுக்கிட்டேன்.

அஞ்சு மாசப் பயணம். அக்டோபர்ல திரும்பி வந்தார். நடுவுல பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. ஜூன் ஆரம்பத்துல லிக்செலேக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சதுப்பு நிலத்துல மாட்டிக்கிட்டார். பனி உருகின தண்ணி முழங்காலுக்கு மேல, அடியில உறைஞ்ச நிலம், மேல மழை. பாதிரியார்கள் சொல்ற நரகம் கூட இதுக்குத் தேவலைங்கற அளவுக்கு டைரியில புலம்பி இருக்கார். அவரைக் கூட்டிட்டுப் போனவர் ஒரு சாமி ஆள்.

சாமின்னா நம்ம குலசாமி இல்லை. நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யாவோட வடகோடின்னு பரவி இருக்கற பூர்வகுடி மக்களோட பேர் அது. 'லாப்' அப்படிங்கறது வெளியாட்கள் அவங்களுக்கு வெச்ச பேர், அவங்களுக்குப் பிடிக்காத பேர். தங்களோட நிலத்தை அவங்க சாப்மின்னு சொல்றாங்க. பேர் பிரச்சினை இங்கேயே ஆரம்பிச்சுடுது பாருங்க.

அந்தச் சதுப்புல வழிகாட்டி எங்கேயோ போய் ஒரு சாமி அம்மாவைக் கூட்டிட்டு வர்றார். அந்தம்மா இந்தப் பையனைப் பார்த்து, எந்தத் தலைவிதி இவனை இங்க கொண்டு வந்து தள்ளுச்சுன்னு பரிதாபப்பட்டிருக்காங்க. பசியோட இருந்தவருக்கு அவங்ககிட்ட இருந்துதான் மான்பால் சீஸ் கிடைச்சது.

அப்புறம் ஜூலையில மலையைக் கடந்து நார்வே கடற்கரை வரைக்கும் போறார். கூட மூட்டை தூக்கிட்டு வந்த சாமி ஆட்கள்ல ஒருத்தருக்கு 50 தாண்டியாச்சு, இன்னொருத்தருக்கு 70 தாண்டியாச்சு. நம்மாளு மூச்சு வாங்கி உட்கார்ந்துடறார். அவங்க ரெண்டு பேரும் சுமையோட ஓடிப் பிடிச்சு விளையாடிட்டு இருக்காங்க! இவங்களுக்கு எப்படி இவ்வளவு தெம்புன்னு அவங்க செருப்புல இருந்து சாப்பாடு வரைக்கும் ஆராய்ச்சி பண்ணி எழுதி வெச்சிருக்கார்.

சும்மா சொல்லக் கூடாது, கவனிச்சு எழுதறதுல மன்னன். தப்லுத்னு சாமி மக்கள் விளையாடற ஒரு கட்ட விளையாட்டோட விதிகளைக் கூட விடாம குறிச்சு வெச்சார். 9க்கு 9 கட்டம், நடுவுல ராஜா. வைகிங் காலத்துல இருந்து வடக்கே விளையாடின அந்தக் குடும்பத்து விளையாட்டுகளை இன்னிக்கு நாம மறுபடி விளையாட முடியுதுன்னா, இந்த டைரியில இருக்கற குறிப்புதான் முக்கியக் காரணம்.

*

1735இல் லின்னேயஸ் ஹாலந்து போறார். அங்கே லைடன் நகரத்துல யான் ஃப்ரெடரிக் க்ரோனோவியஸ்னு ஒரு தாவரவியல் அறிஞர். இந்த வடக்கத்திப் பையனோட 'சிஸ்டமா நேச்சுரே' கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அசந்து போய், தன் காசைப் போட்டு அச்சடிக்க உதவினவர். அவர்தான் அந்த இரட்டைப் பூவுக்கு லின்னேயான்னு பேர் வெச்சது. அதுக்கு முன்னாடி புத்தகங்கள்ல அதுக்கு 'கம்பானுலா செர்பில்லிஃபோலியா'ன்னு பேர் இருந்தது. 1737இல் ஆம்ஸ்டர்டாம்ல வந்த 'ஃப்ளோரா லாப்போனிகா'ங்கற புத்தகத்துல, 534 இனங்களுக்கு நடுவுல, லின்னேயா படத்தோட இடம் பிடிச்சது.

தன் பேரைத் தானே வெச்சுக்கறது மரியாதை இல்லையே. அதனால நண்பர் பேர்ல கமிட் ஆச்சு :-) ஆனா ரெவ்யூ பண்ணி அப்ரூவ் பண்ணது யாருன்னு உங்களுக்குத் தெரியும். அதே வருஷம் வந்த இன்னொரு புத்தகத்துல லின்னேயஸ் இதுக்கு விளக்கமும் கொடுக்கறார். லாப்லாந்துல இருக்கற, யாரும் கண்டுக்காத, கொஞ்ச காலமே பூக்கற அற்பச் செடி இது, தன்னைப் போலவேன்னு. அந்தப் பணிவைப் பார்த்து உருகிடாதீங்க. மனுஷன் பின்னாடி பிரபு பட்டம் வாங்கினப்ப குடும்பச் சின்னத்துல இந்தப் பூவைப் போட்டுக்கிட்டார். சீனாவுல இருந்து இந்தப் பூ வரைஞ்ச பீங்கான் பாத்திரம் செஞ்சு வரவழைச்சார். அவரோட படங்கள் பலதுலயும் கையில இந்தப் பூ இருக்கும்.

1753இல் 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்' வருது. இதுதான் பெரிய மேட்டர். அதுவரைக்கும் ஒரு செடியோட பேர்னா அது ஒரு முழு வாக்கியம். தக்காளிக்குப் பேர் என்னன்னு கேட்டா, 'முள்ளில்லாத பசுந்தண்டும் பிளவுபட்ட சிறகிலையும் உள்ள சொலானம்'ங்கற ரீதியில லத்தீன்ல நீட்டி முழக்கணும். கமெண்ட்ல எழுத வேண்டியதை எல்லாம் வேரியபிள் பேர்லயே எழுதின கோடு மாதிரி. லின்னேயஸ் கிட்டத்தட்ட 6,000 செடிகளுக்கும் ரெண்டே வார்த்தையில பேர் வெச்சார். முதல் வார்த்தை பேரினம், ரெண்டாவது இனம். விளக்கம் தனி, பேர் தனி. இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா ஓடிட்டு இருக்கற நேமிங் கன்வென்ஷன். இத்தனை வருஷம் தாக்குப் பிடிச்ச ஒரு ஸ்டாண்டர்டை நம்ம ஃபீல்டுல ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்.

*

இப்போ நெருடற விஷயம்.

1737இல் மார்ட்டின் ஹாஃப்மன்ங்கற ஓவியர் வரைஞ்ச லின்னேயஸ் படம் ஒண்ணு ரொம்பப் பிரபலம். சாமி உடையில நிக்கறார். கையில லின்னேயா பூ. இடுப்புல இருந்து ஒரு மேளம் தொங்குது. உடையைப் பார்த்த ஆய்வாளர்கள், அது எந்த ஒரு சாமி ஊர் உடையும் இல்லை, அங்கங்க வாங்கினதை எல்லாம் மாட்டிக்கிட்ட கலவைன்னு சொல்றாங்க. ஃபேன்ஸி டிரஸ்தான். அது கூடப் பரவாயில்லை.

அந்த மேளம்தான் விஷயம். நம்ம பறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டினது, மேல படங்கள் வரைஞ்சிருக்கும். சாமி மக்களோட பழைய வழிபாட்டுல அது புனிதமான பொருள். கிறிஸ்தவ அரசும் சபையும் அதைச் சைத்தானோட கருவின்னு சொல்லி வீடு வீடாப் பறிச்சாங்க, எரிச்சாங்க. 1693இல் லார்ஸ் நில்சன்ங்கற சாமி முதியவருக்குத் தன்னோட பழைய தெய்வங்களை விடமாட்டேன்னு சொன்னதுக்காக மரண தண்டனை. மேளத்தோட சேர்த்து எரிச்சாங்க. அது நடந்து 44 வருஷம் கழிச்சு, அதே மாதிரி ஒரு மேளம் ஹாலந்துல ஒரு படத்துக்குப் போஸ் கொடுக்க அலங்காரப் பொருள். சொந்தக்காரன் வெச்சிருந்தா குற்றம், விஞ்ஞானி மாட்டிக்கிட்டா அழகு.

பேர் விஷயத்திலயும் இதே கதைதான். லின்னேயஸ் பேர் வைக்கறதுக்கு விதிகள் எழுதினார். பேரினப் பெயருக்கு வேர் கிரேக்கத்துல இருக்கணும், இல்லைன்னா லத்தீன்ல இருக்கணும். மத்த மொழிப் பேர்கள் எல்லாம் தள்ளுபடி. தாவரவியலுக்கு உழைச்சவங்க பேரை வைக்கலாம். விதியைப் படிச்சுப் பாருங்க, ரொம்ப நியாயமாத்தான் இருக்கும். ஆனா உழைச்சவங்கன்னா யாரு? புத்தகம் எழுதினவங்க. சதுப்புல வழிகாட்டினவர், சீஸ் கொடுத்த அம்மா, 70 வயசுல மூட்டை தூக்கினவர் இவங்க யாரும் அந்தக் கணக்குல வரமாட்டாங்க. கறிவேப்பிலை மாதிரி வாசனை வந்ததும் தட்டோட ஓரத்துக்குப் போயிட்டாங்க.

கறிவேப்பிலைன்னு சொன்னேன் இல்லையா, அதுவும் இந்தக் கதையில வருது.

லின்னேயஸ்கிட்ட படிச்சவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். ஐஸ்லாந்து போய்ச் செடி சேகரிச்சவர். 1768இல் நம்ம தரங்கம்பாடிக்கு வந்தார். டேனிஷ் கோட்டை இருந்த அதே தரங்கம்பாடி. அங்கே மிஷனுக்கு வைத்தியர். அப்புறம் ஆற்காடு நவாப்கிட்ட வேலை, அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனியில வேலை, 1785இல் ஆந்திரா பக்கம் இறந்து போனார். தென்னிந்தியாவுல ஊர் ஊராச் சுத்திச் செடிகளைப் பதிவு பண்ணி ஐரோப்பாவுக்கு அனுப்பிட்டே இருந்தார். 1771இல் லின்னேயஸ் வெளியிட்ட புத்தகத்துல கறிவேப்பிலைக்குப் பேர் வருது, 'பெர்கேரா கோனிகி'. கோனிக்கோட கறிவேப்பிலை! 19ஆம் நூற்றாண்டுல அது 'முர்ரயா கோனிகி' ஆச்சு. முர்ரேயும் லின்னேயஸோட மாணவர்தான். இப்போ மறுபடி பெர்கேராதான் சரின்னு திரும்பி வந்துட்டு இருக்காங்க. எப்படி மாத்தினாலும் 'கோனிகி' மட்டும் போகாது. தினம் நாம தாளிக்கற இலையில ஒரு ஐரோப்பியரோட பேர் ஒட்டி இருக்கு. தரங்கம்பாடியில அவருக்கு இலையைக் காட்டி, என்னத்துக்கு ஆகும்னு சொன்னவங்க பேர் எந்த இலையிலயும் இல்லை.

கோனிக் மேல எனக்குக் கோபம் இல்லை. வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வந்து, வெயில்ல அலைஞ்சு, இங்கேயே மண்ணாப் போனவர். லின்னேயஸ் மேலயும் முழுசாக் கோபப்பட முடியலை. அந்த டைரி இல்லைன்னா அந்த சாமி அம்மாவோட இரக்கம் நமக்குத் தெரிஞ்சிருக்காது. எழுதி வெச்சதும் அவர்தான், எழுத்துல இருந்து பேரினத்துக்கு வரும்போது விட்டதும் அவர்தான். அவரோட விதி கூடச் சில நேரம் வளையும். மாமரத்துக்கு அவர் வெச்ச பேர் 'மாஞ்சிஃபெரா'. நம்ம மாங்காயில இருந்து போன சொல்லுக்கு ஒரு லத்தீன் வால். மாங்கா எப்படியோ தப்பிச்சுது!

*

கடைசியா அந்தப் பூவுக்கே வர்றேன். அதுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, பாவம்.

ஸ்வீடன்ல லின்னேயா இன்னிக்கும் தாராளமா இருக்கு. லின்னேயஸ் பிறந்த ஸ்மோலாண்ட் மாகாணத்தோட அடையாளப் பூ அதுதான். பெண் குழந்தைகளுக்கு லின்னேயான்னு பேர் வைக்கறது அங்கே ரொம்ப சகஜம். மரத்துல இருந்து வந்த பேர் பூ வழியா மறுபடி மனுஷங்களுக்கே போயிடுச்சு.

ஸ்காட்லாந்துலதான் நிலைமை மோசம். பழைய பைன் காடுகளை வெட்டினதுல அங்கங்க திட்டுத் திட்டாத்தான் மிச்சம். இங்க ஒரு உயிரியல் சிக்கல் இருக்கு. லின்னேயா தண்டு படர்ந்து படர்ந்து பெருகும். ஒரு பெரிய திட்டு முழுக்க நூத்துக்கணக்குல பூ இருந்தாலும் அது மொத்தமும் ஒரே செடியா இருக்கலாம். ஆனா இந்தச் செடி தன்னோட மகரந்தத்தைத் தானே ஏத்துக்காது. வேற ஒரு செடியோட மகரந்தம் வந்தாத்தான் விதை. மகரந்தம் கொண்டு போற சின்னப் பூச்சிகள் ரொம்ப தூரம் போறதில்லை. அடுத்த திட்டு மலைக்கு அந்தப் பக்கம். ஆக, ஒரே காம்புல ரெண்டு பூ ஜோடியாத் தொங்கினாலும் ஒண்ணுக்கொண்ணு பிரயோஜனமில்லை. வருஷா வருஷம் பூக்குது, விதை மட்டும் இல்லை. அதனால வேற இடத்துல இருந்து செடி கொண்டு வந்து பக்கத்துல நட்டு, ரெண்டையும் சேர்த்து வெக்கற வேலையைச் சிலர் பண்ணிட்டு இருக்காங்க. ஒரு விதத்துல கல்யாணத் தரகு.

க்ரோனோவியஸும் லின்னேயஸும் இந்தப் பூவுக்கு ஒரு ஆளோட பேரைக் கொடுத்தாங்க. அந்தப் பூவோ தனியா ஒரு விதை கூட வைக்க முடியாத ஜாதி. பக்கத்துல வேற யாராவது இருந்தே ஆகணும். லின்னேயஸுக்கும் அப்படித்தானே இருந்தது? அந்தச் சதுப்புல கூட யாரும் இல்லைன்னா, பேர் வைக்கவும் ஆள் இல்லை, பேர் சொல்லவும் பூ இல்லை.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். நம்ம ஊர்ல வேலியோரம், வரப்போரம் முளைக்கற செடிக்கெல்லாம் நம்ம பாட்டிமார் ஒரு பேர் சொல்வாங்க. பக்கத்து ஊர்ல வேற பேர் இருக்கும். இந்த மாதிரிப் பேர்கள்ல நிறைய எந்தப் புத்தகத்திலயும் ஏறாதவை. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப கேட்டு ஒரு பதிவு போடுங்க. கையோட, சொன்னவங்க பேரையும் சேர்த்து எழுதுங்க.

டிஸ்கி: ரெண்டு வார்த்தையில பேர் வெக்கற முறையைக் கிண்டல் பண்ற பதிவு இல்லை இது. நாளைக்கே அதை எடுத்துட்டா தாவரவியல்காரங்க மட்டுமில்லை, தாளிக்கற நாமளும் குழம்பிடுவோம்.